முதலில் சாவது யார்? ஸ்லாஷர் குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்கு

கேள்வி: விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறோம். ஐந்து பேர் சேர்ந்து 12 நிமிட ஸ்லாஷர் குறும்படம் (கொலைகாரன் ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் வகை) எடுக்கப் போகிறோம். கையில் 15,000 ரூபாயும் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கின்றன. மூன்று இரவுகளில் முடிக்க வேண்டும். காட்டுக்குள் ஒரு பங்களா, முகமூடிக் கொலைகாரன், ஒவ்வொருவராகச் சாகும் நண்பர்கள், கடைசியில் தப்பிக்கும் ஒரு பெண். கதையைக் கேட்ட ஆசிரியர் "எல்லாம் தேய்ந்த ஃபார்முலா" என்று சொல்லிவிட்டார். இந்த வகைப் படத்தின் விதிகளைப் பின்பற்றுவதா, உடைப்பதா?

பதில்: பின்பற்றுவதா உடைப்பதா என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்த விதி ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று பார்த்துவிடுங்கள். நானும் கல்லூரி இறுதியாண்டில் 14 நிமிட ஸ்லாஷர் ஒன்றை எடுத்தவன். இப்போது படத்தொகுப்பு வேலையில் இருக்கிறேன். வருடாவருடம் மாணவர் படங்களுக்குக் கைகொடுக்கப் போவதும் உண்டு. இதில் விதி என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை, காசோ ஆளோ நேரமோ இல்லாமல் தவித்த யாரோ ஒருவர் கண்டுபிடித்த வழிகள். அதே தவிப்பு உங்களுக்கும் இருந்தால் அந்த வழி உதவும். இல்லாவிட்டால் அது இரவல் சட்டை மாதிரி, தோளில் ஒட்டாது.

1978-இல் வந்த 'ஹாலோவீன்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் ஜான் கார்பென்டரிடம் இருந்தது சுமார் 3 லட்சம் டாலர், படப்பிடிப்புக்குச் சுமார் 20 நாள். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறை. கதை நடப்பது இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், இலை உதிரும் அக்டோபர் கடைசியில். எடுத்ததோ கலிபோர்னியாவில், மரமெல்லாம் பச்சைப்பசேல் என்றிருந்த வசந்த காலத்தில். இலைகளுக்கு வண்ணம் பூசித் தெருவில் தூவினார்கள். ஷாட் முடிந்ததும் அத்தனையையும் பொறுக்கி அடுத்த ஷாட்டுக்குக் கொண்டுபோனார்கள். முகமூடிக்கும் இதே கதைதான். இரண்டு டாலருக்குள் கிடைத்த ஒரு ரப்பர் முகமூடியை வாங்கினார்கள். 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் முகம் அது. புருவத்தைப் பிய்த்து, கண் ஓட்டையை மாற்றி வெட்டி, வெள்ளை ஸ்ப்ரே அடித்தார்கள். அவ்வளவுதான். அந்த முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பார்க்கிறவர் தன் பயத்தை அதில் எழுதிக்கொள்கிறார். இன்று ஆன்லைனில் கிடைக்கும் மண்டையோடு, ரத்தம் வழியும் கோமாளி முகமூடிகளில் விற்கிறவரே பயத்தை வரைந்து கொடுத்துவிடுகிறார். பார்வையாளருக்கு வேலையே மிச்சமில்லை. முகமூடி வேண்டுமென்றால் வெறுமையான ஒன்றைத் தேடுங்கள்.

இசையும் அப்படித்தான். இசை சேர்க்காத பிரதியை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குப் பயமே வரவில்லை என்று கார்பென்டரே சொல்லியிருக்கிறார். தனி இசையமைப்பாளருக்குக் காசு இல்லாததால் தானே உட்கார்ந்து பியானோவில் ஒரு மெட்டுப் போட்டார். சிறுவயதில் அப்பா கற்றுக்கொடுத்த ஐந்து எண்ணிக்கைத் தாளம் அது. நம் காலும் தலையும் நான்குக்குப் பழகியவை. ஐந்தாவது எண்ணிக்கை வரும்போது உடம்பு ஒரு நொடி தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் படம் முழுக்கத் தீர்வதே இல்லை.

காட்டு பங்களா என்ற விதி ஏன் வந்தது? இளைஞர்கள் இருக்க வேண்டும், பெரியவர்கள் இருக்கக் கூடாது, உதவி தூரத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் அமெரிக்க வாழ்க்கையில் எங்கே சேர்ந்து வருமோ அங்கே கேமராவை வைத்தார்கள். 1974-இல் கனடாவில் எடுத்த 'பிளாக் கிறிஸ்மஸ்' படத்தில் அது கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காலியாகிக்கொண்டிருக்கும் மாணவியர் விடுதி. 'ஹாலோவீன்' படத்தில், அம்மா அப்பா விருந்துக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் காசுக்கு வரும் பள்ளிப் பெண். 1980-இன் 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' படத்தில், குழந்தைகள் வருவதற்கு முன்பே வேலைக்கு வந்துவிட்ட கோடைமுகாம் ஊழியர்கள். நியூ ஜெர்சியில் ஒரு நிஜமான சாரணர் முகாமில் எடுத்தார்கள். அந்த ஊர்ப் பார்வையாளருக்கு இவை தெரிந்த இடங்கள், தானே ஒரு நாள் தனியாக இருந்து பயந்த இடங்கள். நமக்கு அவை படத்தில் பார்த்த இடங்கள் மட்டுமே.

எங்கள் படத்தில் செய்த பெரிய பிழை இதுதான். மதுராந்தகம் பக்கம் நண்பனின் மாமாவுக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. அதைக் காட்டு பங்களாவாக்கினோம். வேன் வாடகை, சாப்பாடு, ஜெனரேட்டர் என்று பட்ஜெட்டில் பாதி அங்கேயே போனது. எங்களில் யாரும் அப்படி ஒரு வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அந்த வீட்டில் எந்தப் படி கிறீச்சிடும், எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்று தெரியாமலே மூன்று கொலைகளை எடுத்து முடித்தோம். வகுப்பில் திரையிட்டபோது அந்தக் கொலைகளில் ஒன்றைத் தவிர வேறெதற்கும் யாரும் அசையவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அறையே அமைதியானது. படம் நீளம் போதவில்லை என்று கடைசி நாளில் ஹாஸ்டலில் எடுத்து முன்பக்கம் ஒட்டிய ஒன்றரை நிமிடம் அது. எங்கள் ஹாஸ்டலில் தண்ணீர் விடியற்காலையில் அரை மணி நேரம்தான் வரும். அதனால் ராத்திரியே குழாயடியில் பக்கெட்டுகளை வரிசையாக வைத்துவிட்டுப் படுப்போம், பக்கெட்டில் பெயின்ட்டால் ரூம் நம்பர் எழுதியிருக்கும். காட்சியில், நாயகி அறைக்குள் படித்துக்கொண்டிருக்கிறாள். தாழ்வாரக் கோடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. காலிப் பக்கெட்டில் தண்ணீர் விழும்போது சத்தம் கனமாக இருக்கும். நிறைய நிறைய அது மெலிந்து உயர்ந்துகொண்டே போகும். ஹாஸ்டலில் இருந்தவருக்கு, கண்ணை மூடிக்கொண்டே இன்னும் எத்தனை விரல் பாக்கி என்று சொல்ல வரும். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. சத்தம் உயர்கிறது, இதோ வழியப் போகிறது, அப்போது யாரோ குழாயை மூடுகிறார்கள். அவள் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறாள். மணி இரண்டே கால். ஸ்டடி ஹாலிடேவுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று முதல் காட்சியிலேயே சொல்லியாகிவிட்டது.

ரத்தமும் கத்தியும் இல்லாத அந்த ஒன்றரை நிமிடத்துக்கு ஆன செலவு பூஜ்யம். ஆனால் இளைஞர் இருக்க, பெரியவர் இல்லாமல் போக, உதவி தூரமாக என்ற பழைய விதி அதில் முழுசாக இருந்தது. இடம் மட்டும் எங்களுடையது. உங்களுக்கு அப்படி எத்தனையோ இருக்கும்: முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி கல்யாண மண்டபம், நைட் ஷிப்ட் முடிந்து கடைசி ஆளை இறக்கப் போகும் கேப், தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட பேச்சிலர் ரூம்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம்: "ஒவ்வொருவராகச் சாகும் நண்பர்கள்." இங்கேதான் நீங்கள் அதிக நேரம் உட்கார வேண்டும்.

எங்கள் கதையில் முதலில் சாவது சிகரெட் பிடிக்கும் பெண். அந்த வேடத்தில் எங்கள் வகுப்புத் தோழி நடித்தாள். ரிகர்சலில் வசனத் தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்னை எதுக்குடா முதல்ல கொல்றீங்க?" கதைக்கு ஒரு பலி வேண்டும் என்றேன். "சரி, அது ஏன் இவ? சிகரெட் பிடிக்கிறா, ராத்திரி வெளிய போறா. அதைத் தவிர இவளைப் பத்தி உங்களுக்கு வேற என்ன தெரியும்?" நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குப் பெயர் வைத்ததைத் தவிர வேறெதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. கொலைகாரனுக்கு மட்டும் மூன்று பக்கத்துக்கு முன்கதை எழுதி வைத்திருந்தோம்.

கடைசியில் மிஞ்சும் பெண்ணுக்கு 'ஃபைனல் கேர்ள்' என்று பெயர் சூட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் கேரல் குளோவர். 1987-இல் ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார், 1992-இல் அதைப் புத்தகமாக விரித்தார். இந்தப் படங்களுக்குப் பெரும்பாலும் வருவது இளம் ஆண்கள். ஆனால் படம் முடியும்போது அவர்கள் ஒரு பெண்ணின் பக்கம் நின்று, அவளோடு சேர்ந்து பயந்து, அவள் திருப்பி அடிக்கும்போது கூச்சலிடுகிறார்கள், இது எப்படி நடக்கிறது என்பது அவர் கேள்வி. இன்று படித்தாலும் கூர்மையான கேள்வி. ஆனால் அதைச் சுருக்கி எடுத்துக்கொண்டவர்கள் "ஒழுக்கமான பெண் பிழைப்பாள், மற்றவள் சாவாள்" என்று ஒரு விதியாக்கிவிட்டார்கள். கார்பென்டர் இதைத் தொடர்ந்து மறுத்திருக்கிறார். மற்றவர்கள் தங்கள் காதலிலும் பேச்சிலும் மூழ்கியிருந்ததால் கவனிக்கவில்லை, 'ஹாலோவீன்' நாயகி லாரி தனியாக இருந்ததால் கவனித்தாள் என்பது அவர் தரப்பு. படத்தைத் திரும்பப் பாருங்கள்: பகல் வெளிச்சத்திலேயே, வகுப்பு ஜன்னல் வழியாக, துணி காயும் கொடிக்கு நடுவில், வேலி ஓரத்தில் கொலைகாரனைப் பார்க்கிறவள் அவள்தான். அவளைப் பிழைக்க வைப்பது அவளுடைய கண்.

நம் ஊரில் இதைப் பற்றி இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பெண் தாக்கப்பட்டாள் என்று செய்தி வந்தால் "அந்த நேரத்துல அங்க அவளுக்கு என்ன வேலை?" என்பதுதான் இங்கே முதலில் கிளம்பும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு உங்கள் படம் சாட்சி சொல்லக் கூடாது. நம் சினிமாவிலும் இதற்குப் பழைய தடம் உண்டு. 'ஹாலோவீன்' வந்த அதே 1978-இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' வந்தது. முகமூடியே இல்லை, கொலைகாரன் படத்தின் நாயகன், கமல்ஹாசன். புதைத்த இடத்தில் ரோஜாச் செடி. கிராமத்துப் படம் எடுத்து வந்தவர் திடீரென்று இதை எடுத்தது பெரிய துணிச்சல். இளையராஜாவின் இசைக்காகவே மாணவர்கள் அதை ஷாட் ஷாட்டாகப் பார்க்க வேண்டும். ஆனாலும் அதில் கொலைகாரனுக்கு ஒரு பால்யம் கிடைக்கிறது, பெண்கள் மேல் அவன் வெறுப்புக்குக் காரணம் கிடைக்கிறது. செடிக்கு அடியில் கிடக்கும் பெண்களுக்கு அந்த அளவு நேரம் கிடைப்பதில்லை. 1984-இல் மணிவண்ணனின் 'நூறாவது நாள்' வந்தது. அதன் கதைக்கரு இத்தாலியில் 1977-இல் வந்த ஒரு 'ஜல்லோ' படத்திலிருந்து வந்தது. ஜல்லோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். அங்கே 1929 முதல் மஞ்சள் அட்டை போட்டு வந்த மர்மக் கதைப் புத்தகங்களால் அந்த வகைக்கே அந்தப் பெயர். கறுப்புக் கையுறை, யார் என்று தெரியாத கொலைகாரன், ஒவ்வொரு கொலையையும் ஓவியம் மாதிரி அமைப்பது எல்லாம் அங்கிருந்து வந்தவை. இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜென்டோ தன் படங்கள் பலவற்றில் கொலைகாரனின் கையுறைக் கைகளாகத் தானே நடித்தார். கொலையைச் செய்வது இயக்குநரின் கை என்பதை இதைவிட வெளிப்படையாக ஒருவர் ஒத்துக்கொள்ள முடியாது.

அதனால் தோழியின் கேள்விக்குப் பதிலாக நாங்கள் செய்தது சின்ன மாற்றம். அவள் சாவதற்கு முந்தைய காட்சியில், ஊரில் இருக்கும் தம்பிக்கு போனில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நாற்பது நொடி. "மைனஸை மாத்தினியா? மறுபடி பாரு" என்கிறாள். பிறகு அவள் இறந்தபின் அந்த போன் ஒருமுறை அடித்து ஓய்கிறது. வகுப்பில் அந்த இடத்தில் ஒரு பெண் "ஐயோ" என்றது எனக்கு இன்னும் கேட்கிறது. தோட்ட வீட்டுக் கொலைகளில் எடுபட்டது இந்த ஒன்று மட்டும்தான்.

போன் என்றதும் நினைவு வருகிறது. எல்லா மாணவர் கதைகளிலும் முதல் பக்கத்திலேயே "சிக்னல் இல்லை" என்று ஒரு வசனம் வந்துவிடுகிறது. அதைத் தூக்கிவிடுங்கள், யாரும் நம்புவதில்லை. போன் வேலை செய்யட்டும். 'பிளாக் கிறிஸ்மஸ்' படத்தில் அந்தக் காலத்து லேண்ட்லைன்தான் ஆயுதமே. அழைப்பு அதே வீட்டுக்குள்ளிருந்து வருகிறது என்று தெரியவரும் இடம் இன்றும் குளிர வைக்கும். 1996-இல் 'ஸ்க்ரீம்' அதையே எடுத்துத் திருப்பியது. தொடக்கக் காட்சியில் கொலைகாரன் போனில் சினிமா வினாடி வினா நடத்துகிறான்: 'ஃபிரைடே தி தர்ட்டீன்த்' படத்தில் கொலைகாரன் யார்? அந்தப் பெண், பின்னால் வந்த பாகங்களில் கொல்லும் ஜேசனின் பெயரைச் சொல்கிறாள். தவறு. முதல் பாகத்தில் கொன்றது ஜேசனின் அம்மா. விதி தெரிந்த பார்வையாளரை வைத்துக்கொண்டு இன்னொரு ஆட்டம் ஆடினார்கள் இயக்குநர் வெஸ் கிரேவனும் எழுத்தாளர் கெவின் வில்லியம்சனும். விதியை உடைப்பது என்றால் இந்த அளவுக்கு அதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். படத்தின் விதிகளைப் பாத்திரங்களே பேசுவது அன்று புதிது. அதையே இப்போது நீங்கள் செய்தால் அதுவும் தேய்ந்த ஃபார்முலாதான்.

12 நிமிடத்தில் "யார் கொலைகாரன்" என்ற புதிரை வைக்காதீர்கள். ஐந்து பேரைச் சந்தேகப்பட வைக்கவே ஆறு நிமிடம் வேண்டும். யார் என்று தெரியாமலே முடிக்கலாம், அல்லது முதல் நிமிடத்திலேயே காட்டிவிடலாம்.

கொலைகாரனின் கண்ணாகக் கேமராவை வைக்கும் ஷாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஹாலோவீன்' தொடக்கம் முழுக்க அப்படித்தான் போகிறது. யாரோ ஒருவரின் கண் வழியாக வீட்டைச் சுற்றுகிறோம், கத்தியை எடுக்கிறோம், மாடி ஏறுகிறோம், முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாகப் பார்க்கிறோம். கடைசியில் முகமூடியைக் கழற்றினால் ஆறு வயதுப் பையன். அந்தக் கைகள் தயாரிப்பாளரும் இணை எழுத்தாளருமான டெப்ரா ஹில்லுடையவை. அங்கே அந்த ஷாட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது: இவ்வளவு நேரம் யாராக இருந்தாய் என்று பார்வையாளரிடம் கேட்கிறது. உங்கள் கதையில் அந்தக் கேள்வி இல்லையென்றால் கேமராவைச் சாகப்போகிறவர் பக்கம் வையுங்கள். அவர் தலைக்குப் பின்னால் நிறையக் காலி இடம் விடுங்கள். அந்தக் காலி இடத்தைப் பார்வையாளரே தேடித் தேடிக் களைப்பார்.

இனி வேலை விஷயங்கள். ரத்தத்துக்கு பேக்கரி சாமான் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் கேளுங்கள். தண்ணீர் கலந்து இளக்கி, சிவப்பு ஃபுட் கலர் போடுங்கள். அதோடு நிறுத்தினால் ரோஸ்மில்க் நிறத்தில் நிற்கும். அரை ஸ்பூன் கோகோ பவுடரும் பச்சைக் கலர் ஒரு துளியும் சேர்த்தால்தான் உறைந்த ரத்தத்தின் கருஞ்சிவப்பு வரும். அந்த இடத்து லைட்டில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சர்க்கரை என்பதால் ஒரு மணி நேரத்தில் எறும்பு வந்துவிடும். தரையில் படுத்திருக்கும் நடிகருக்கு அது சித்திரவதை, எனவே பிண ஷாட்டுகளை முதலில் எடுத்து அவரைக் குளிக்க அனுப்பிவிடுங்கள். ஒரே மாதிரிச் சட்டை மூன்று வாங்குங்கள். 1960-இல் 'சைக்கோ' படத்துக் குளியலறைக் காட்சியில் ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளை என்பதால் அது போதுமாக இருந்தது. அந்தக் கத்திக்குத்துச் சத்தம் முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. நாங்கள் முட்டைக்கோஸில் குத்தினோம், எலும்புக்குக் கரும்பை ஒடித்தோம். இரண்டும் நன்றாகவே வந்தன.

டியூப் லைட் வெளிச்சத்தில் ஷட்டர் 50-இல் ஒன்றில் இருக்கட்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60-இல் வைத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். இருட்டை இருட்டில் எடுக்க முடியாது, புள்ளி புள்ளியாகத்தான் வரும். நடிகருக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து உருவத்தின் விளிம்பை மட்டும் பிரித்தெடுங்கள், முன்பக்கத்தைக் கறுப்பாக விடுங்கள்.

கத்தி விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம். குளோசப்புக்குக்கூட நிஜக் கத்தியைச் செட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எங்களுடன் இருந்த ஒருவன் "தூரத்து ஷாட்தானே" என்று சமையலறைக் கத்தியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்; ஈரத் தரையில் வழுக்கி, உள்ளங்கையில் நான்கு தையல். அந்தக் கத்தி அப்போது இருந்தது எங்கள் தோழியின் கழுத்தருகில். அதன்பிறகு ஃபோம் போர்டில் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டிய கத்தியை வைத்தே முழுப்படத்தையும் எடுத்தோம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெளியிடத்தில் எடுப்பதாக இருந்தால், காவல் நிலையத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நள்ளிரவில் ரத்தச் சட்டையோடு ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடினால், நல்ல மனசுள்ள யாராவது கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவருவார், அது அவர் தவறாகாது.

மூன்று இரவுகளில் ஒன்றைச் சத்தத்துக்கே ஒதுக்குங்கள் என்பேன். கேமராவை அறையிலேயே பூட்டிவிடுங்கள். உங்கள் ஐந்து பேருக்கும் ஹாஸ்டலிலோ வீட்டிலோ ராத்திரி நேரத்தில் தன்னையறியாமல் நடை வேகமாகும் ஒரு இடம் இருக்கும். மாடிப்படி வளைவோ, மோட்டார் ரூமோ, எரியாத பல்புக்குக் கீழே இருக்கும் வாஷ்பேசினோ. ஐந்து இடங்களையும் எழுதி, ரெக்கார்டரோடு ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அப்புறம் கதையைத் திருத்தி அனுப்புங்கள், படிக்கிறேன்.